காவேரி சொன்ன சொல்

16-6-86 திங்கள்

வானம் மூட்டம், மழை இல்லை. விதைக்கடலை உரிப்பு, இரண்டாம் நாள்.

வாசலில் இருந்தவர்கள்: நான். பக்கத்து வீட்டு ராமக்கா. ராமக்காவின் மகள் சாந்தி, நாலு மாதக் கைக்குழந்தையோடு. என் மருமகள் ஜோதி. பேத்தி செல்வி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு. மகன் சண்முகம், மூட்டையை இறக்கிவிட்டுப் போனதோடு சரி. குழந்தையோடு ஏழு.

எட்டாவது ஆள் கா.

பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. நடுவில் ஒரு சுவர்தான், அந்தப் பக்கம் அவள் வீடு. நாற்பத்திரண்டு வருஷமாக அவள் என் வாசலை மிதித்ததில்லை, நான் அவள் வாசலை மிதித்ததில்லை. கொழுந்தன் செத்த அன்றுகூடத் தெருவில் நின்று மாலையைக் கொடுத்தனுப்பினேன்.

இன்று பதினோரு மணிவாக்கில் படலைத் திறந்துகொண்டு வந்தாள். எனக்கும் ராமக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முறத்தில் இருந்து ஒரு கை அள்ளினாள். கல்லில் கடலையின் மூக்கை வைத்து ஒரு அழுத்து, இரண்டு பருப்பு, மேல்தோல் கீறாமல். வேகம் குறையவே இல்லை.

"அக்கா, இந்த வருசம் கல்லக்கா பொக்கு ஜாஸ்தி" என்றாள். என்னைப் பார்த்துத்தான்.

எல்லோர் கையும் நின்றுபோயிற்று.

ராமக்கா: "ஏமி, வூடு மாறி வந்துட்டியா?"

கா.: "என் வூட்டுக்கு வர்றதுக்கு உங்கிட்ட வழி கேக்கணுமா?"

நான் பதில் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. என் வாசல், நான் ஏன் எழுந்து போகணும்.

அரை மணி கழித்து அவள் மகன் கோவிந்தன் ஓடி வந்தான். ஓசூரில் கம்பெனி வேலை, லீவு போட்டு வந்திருக்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் "தப்பா நெனைக்காதீங்க பெரியம்மா" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அவள் மடியில் பத்துப் பதினைந்து பருப்பு. படல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து முறத்தில் கொட்டிவிட்டுப் போனாள். விதையை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது மறக்கவில்லை.

மதியம் களி, கீரைக் கடைசல். முட்டி வலி.

17-6-86 செவ்வாய்

காலையில் நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தேன். எட்டுப் பேரும், கூப்பிட வந்த கோவிந்தனும் வரிசையாக வந்தார்கள். சமையலும் சரி. யார் என்ன நிறச் சேலை என்பதும் சரி.

எழுத ஆரம்பித்ததே இதற்குத்தான். கா.வுக்கு மறதி என்று ஊரில் பேச்சு கிளம்பியபோது எனக்கும் வந்துவிடுமோ என்று தோன்றியது. எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தாறு. செல்வியின் பழைய நோட்டில் பின்பக்கங்கள் காலியாக இருந்தன. மூன்றாவது வரை படித்த எழுத்து, எனக்குப் புரிந்தால் போதும்.

அவள் இன்றும் வந்தாள். அதே நேரம், அதே இடம்.

கோவிந்தன் பின்னாலேயே வந்து படலுக்கு வெளியே நின்றான். தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனானாம். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னான். "நேத்து நடந்தது நிக்காதாம் பெரியம்மா. பழசு இருக்குமாம். மாத்திரையில சரியாவுறது இல்லையாம். தனியா போட்டு வெக்காதீங்க, வயசு ஒத்தவங்களோட பேச வுடுங்க, கை வேலை இருந்தா குடுங்கன்னாங்க. இங்க உக்காந்தா அம்மா நல்லா இருக்குது. வூட்டுல உக்காந்தா செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்குது."

போன மாதம் அடுப்பை எரியவிட்டுக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். கூரை ஓரம் கருகிப்போயிற்று. அதனால் ஓசூருக்கே கூட்டிப்போகப் போகிறான். ஜூலை முதல் வாரம்.

"அங்க யாரு பாத்துக்குவா?" என்று ராமக்கா கேட்டாள்.

"நானும் அவளும் வேலைக்குப் போயிடுவோம். சாயங்காலம் வரைக்கும் பூட்டிட்டுத்தான் போவணும். வேற என்ன பண்ணட்டும்?"

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு ஒரே கணக்கு ஓடியது. இன்னும் இரண்டு வாரம். அதற்குள் அவள் வாயில் இருந்து அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கணும். மறதி முழுதாக மூடிவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது.

அந்தச் சொல் இது. அவளுடைய தலைச்சன் பிள்ளை பெருமாள், ஏழு மாதம். அப்போது எல்லோரும் ஒரே வீடு. என் அம்மா மருத்துவச்சி, அவளிடம் கற்றுக்கொண்டு ஊரில் பாதிக் குழந்தைகளை நான்தான் காலில் போட்டுக் குளிப்பாட்டுவேன். அன்று காலை மாமியார் "பெருமாளுக்கு ஊத்து" என்றார்கள். எண்ணெய் வைத்து, வெந்நீர் பதம் பார்த்து ஊற்றினேன். உடம்பு சில்லென்று இருந்தது. துவட்டும்போதே கண் செருகிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. எடுக்கும்போது ஊரே கூடியிருந்த இடத்தில் கா. என்னைக் கை காட்டிச் சொன்னாள்: "இவ கை பட்டுத்தான் எம்புள்ள போச்சு."

அதற்குப் பிறகு ஒருத்தியும் தன் குழந்தையை என் காலில் போடவில்லை. என் பேத்தி செல்விக்கே சம்பந்தியம்மாள் வந்து ஊற்றினாள்.

19-6-86 வியாழன்

வெயில். மேற்கே மேகம் கட்டிக் கலைந்துபோயிற்று.

காலையில் நேற்றைச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து பேர். நோட்டைத் திறந்தால் ஆறு. காரிமங்கலத்து வளையல்கார ஜைனாபீ வந்து உட்கார்ந்து அரை மணி பேசிவிட்டுப் போயிருக்கிறாள். மோர் கூடக் கொடுத்திருக்கிறேன், என் கையெழுத்திலேயே இருக்கிறது. படித்த பிறகுதான் அவள் முகம் வந்தது.

பல் துலக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஜோதி "என்னாங்கத்தே, கிறுகிறுப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒன்று தப்பியது. ஒன்றுதான்.

மதியம் நடந்தது. சாந்தியின் குழந்தை விடாமல் அழுதது. கா. நிமிர்ந்து பார்த்து, "ஏண்டி அழ வுடற? அக்காகிட்ட குடு. காலுல போட்டு ஊத்தினா தூங்கிடும். அக்கா கை மாதிரி யாருக்கு வரும்?" என்றாள்.

எல்லோருக்கும் கேட்டது.

சாந்தி என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பசிக்குதுபோல இருக்குது" என்று எழுந்து போய்விட்டாள். ராமக்கா தலையைக் குனிந்து உரித்துக்கொண்டிருந்தாள்.

சாந்தி பிறப்பதற்கு முன்னால் சொன்ன சொல். இவள் வரைக்கும் வந்திருக்கிறது. சொன்னவளுக்கு மட்டும் நினைவில் இல்லை.

இதைத் திரும்ப வாங்கியதாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். முடியாது. தான் சொன்னது என்னவென்று தெரிந்து, தப்பு என்று தெரிந்து, அதற்கப்புறம் சொல்லணும்.

முட்டி வலி மாத்திரை தீர்ந்தது. சண்முகத்திடம் சொல்லணும்.

22-6-86 ஞாயிறு

ராமக்கா சந்தைக்கு. சாந்தி வரவில்லை. ஜோதி துணி துவைக்கப் போனாள். நானும் கா.வும் மட்டும்.

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து முதல் பேச்சு நான் பேசினேன். எழுதி வைக்கிறேன்.

"காவேரி."

"என்னக்கா?"

"பெருமாள் போனப்ப நீ ஒரு வார்த்தை சொன்ன. நெனவு இருக்குதா?"

அவள் உரிப்பதை நிறுத்தினாள். உள்வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுக்கா. இப்பத்தான் தூங்கினான்."

அதற்குப் பிறகு என்ன கேட்பது. அவளுக்குப் பிள்ளை உள்ளே தூங்குகிறது. நான் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து செத்துப்போனது என்று காட்டணுமா.

இரண்டு பேரும் உரித்தோம். ஒரு படி ஆயிற்று. நடுவில் அவள் சொன்னாள், "உங்க மாமியாக்காரி இன்னிக்கு யாரோட சண்டைக்கு நின்னா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அதே மாமியார்தான். அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் மாமியாரைப் பற்றிப் பேசும்போது ஆளுக்காள் "உங்க மாமியா" என்றுதான் சொல்லிக்கொள்வோம். அது எனக்கே மறந்துபோயிருந்தது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

சிரித்ததற்காக என் மேலேயே கோபம்.

24-6-86 செவ்வாய்

புழுக்கம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறுகிறது.

நேற்று அவள் வரவில்லை. கோவிந்தன் காரிமங்கலத்துக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனானாம். சுவருக்கு அந்தப் பக்கம் கதவைத் தட்டுகிற சத்தம் மதியம் வரைக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அது தட்டுகிறதைவிட மோசமாக இருந்தது.

இன்று கூட்டி வந்தான். ஒரே நாளில் எவ்வளவு இறங்கிவிட்டாள். காதில் ஒன்றைக் காணோம், கம்மல். ரவிக்கை மாறிப் போட்டிருக்கிறது. கடலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பார்த்தாள். நான் ஒன்று உரித்துக் காட்டினேன். பத்துப் பதினைந்து தடவை காட்டிய பிறகு விரல் தானாக ஓட ஆரம்பித்தது. மூன்று மணிக்கெல்லாம் பழைய வேகம். இரண்டு வாய்க் களியும் தின்றாள்.

ராமக்கா: "பேசாதவளுக்குச் சோறு ஊட்டற. என்னாத்துக்கு?"

நான்: "எனக்கு வேல கெடக்குது அவகிட்ட. தெம்பா இருக்கட்டும்."

ராமக்கா: "உன் ரோசத்துக்குப் பாலு ஊத்தி வளக்கற நீ."

இந்தப் பேச்சையும் எழுதி வைக்கிறேன், ராமக்கா. ஆனால் நீ சொன்னது பொய் இல்லை.

சண்முகம் மாத்திரை வாங்கி வரவில்லை. மறந்துவிட்டதாம். நாற்பத்தைந்து வயதுக்காரன் மறந்தால் வேலை ஜாஸ்தி. நான் மறந்தால் ஆஸ்பத்திரி.

26-6-86 வியாழன்

நேற்றுச் சாயங்காலம் மழை. நல்ல மழை, இரண்டு உழவு ஈரம்.

இருந்தவர்கள்: நான், ராமக்கா, காவேரி, சண்முகம். இந்த நாலு பேரை எந்த நாளிலும் மறக்கக் கூடாது.

காலை. மண் வாசனை வீடு முழுக்க. கோவிந்தன் அவளை விட்டுவிட்டுப் பஸ் ஏறப் போனான். ஜோதி முன்னாலேயே காட்டுக்குப் போய்விட்டாள். நானும் ராமக்காவும் கடைசி விதையைப் புடைத்துக்கொண்டிருந்தோம், காவேரி பக்கத்தில். சண்முகம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி வந்து நின்றான். அவன் அப்பாவை உரித்து வைத்த உயரம். "கூடையைக் குடும்மா, சீக்கிரம். ஈரம் காஞ்சுடும்" என்றான்.

காவேரி சடக்கென்று எழுந்தாள். சேலையைத் தோள் மூடி இழுத்து, கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். நாங்கள் மருமகள்களாக இருந்த காலத்தில் புருஷனுக்கு மூத்தவர் முன்னால் நிற்க மாட்டோம், நேராகப் பேச மாட்டோம். எது வேண்டுமென்றாலும் மாமியார் வழியாகத்தான். சண்முகத்தை அவள் அவன் அப்பா என்று நினைத்துவிட்டாள், அவளுக்கு அவர் மாமா. என் மேல் கண் நின்றது, மாமியாரைப் பார்ப்பது போல.

கதவு இடுக்கில் இருந்து மெல்லிய குரல். "அத்தே. மாமாகிட்ட நீங்க சொல்லுங்க அத்தே. புள்ளைக்கு ரெண்டு நாளா நெருப்பாட்டம் சுடுது. பால் குடிக்க மாட்டேங்குது. வண்டி கட்டச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ராமக்கா வாயைத் திறந்தாள். அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தேன்.

என் மாமியார் பேசுவது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் குரலில் கேட்டேன். செய்தது சரியா தப்பா என்று பிறகு யோசிக்கலாம்.

"மாமா என்னா சொன்னாரு?"

"நேத்தே சொல்லிட்டாரே. இன்னிக்கு ஏரு கட்டலைன்னா ஈரம் காஞ்சுடும், நாளைக்கு வண்டி கட்டறேன்னு. நாளைக்கு வரைக்கும் தாங்குமா அத்தே?"

"அக்காளுக்குத் தெரியுமா?"

"நீங்கதான சொல்லாதேன்னீங்க. அக்காளுக்குத் தெரிஞ்சா ஏருக்குப் பின்னாடி வராது, புள்ளயத் தூக்கிக்கிட்டு தர்மபுரிக்கு நடந்தே போயிடும், விதை போட ஆள் இருக்காதுன்னீங்க."

சண்முகம் கையில் கூடையோடு நின்றான்.

அப்புறம் அவள் முகம் மாறியது. நாள் ஒன்று கடந்துவிட்டது போல. கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். "இப்ப எங்க வூட்டுக்காரரு சேலத்துல இருந்து வந்து கேட்டா என்னான்னு சொல்றது? அண்ணன் தம்பி வெட்டிக்குவாங்கன்னா அதுக்கு நான் என்னா பண்ணட்டும்? மாமா வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்புடறாரு. எனக்கு வேண்டாம் அத்தே. அக்கா மேல போடச் சொல்லாதீங்க. அக்கா என்னா பண்ணுச்சு?"

அழுதாள். சத்தமே இல்லாமல், வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது நாங்கள் அப்படித்தான் அழுவோம்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் குரல் வரவில்லை. "அழாதே காவேரி" என்றேன், என் குரலில். சேலையை வாயில் இருந்து எடுத்து நிமிர்ந்து பார்த்து, "கல்லக்கா எல்லாம் உரிச்சாச்சாக்கா?" என்றாள்.

சண்முகம் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான்.

27-6-86 வெள்ளி

சண்முகத்தோடு சண்டை.

"செத்தவரு மேல பழி போடாதம்மா. காலைல தின்னது தெரியாத பொம்பள பேச்சு அது."

"காலைல தின்னதுதான் தெரியாது. அது அவளுக்குத் தெரியும்."

"நாப்பத்தி ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்."

"அப்பா உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பாராம்மா? ஊரே பேசினப்ப அவரு ஒருத்தர்தான உம்பக்கம் நின்னாரு?"

எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

ராமக்கா கிணற்றடியில் சொல்லிவிட்டாள். சொல்லுவாள் என்று தெரியும், தடுக்கவில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று அவளே வந்து சொன்னாள். "அந்தம்மா போன வாரம் என்னைத் தன் சின்னம்மான்னு கூப்புட்டுது. அது பேச்சைப் போயி..." என்றாளாம் ஒருத்தி. மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டார்களாம். "நான் கேட்டேன், என் காதால கேட்டேன்னு அடிச்சுச் சொன்னேன். நம்ப மாட்டேங்குறாளுங்க" என்று ராமக்காவுக்கு அழுகை.

ஆக, சொல் திரும்பி வந்துவிட்டது. செல்லாது.

ஆனால் எனக்குத் தெரியும், அது மெய். என்னிடம் இருக்கிற பாதி அவளிடம் கிடையாது. இரண்டும் பொருந்துகிறது.

பெருமாள் போவதற்கு முந்தின நாள், மழை விட்ட மறுநாள், ஏர் பிடித்தவர் இவர், சண்முகத்தின் அப்பா. பின்னால் சாலில் விதை போட்டுக்கொண்டே போனவள் நான். இருட்டோடு கிளம்பும்போது உள்ளே பெருமாள் சிணுங்கினான். வழக்கமான அழுகையாக இல்லை. நான் நின்றேன். "என்னாங்க, புள்ள ஒரு மாதிரி அழுவுதே" என்றேன். இவர் மாட்டை ஓட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னார், "பல்லு மொளைக்குது."

நாள் முழுக்க விதை போட்டேன். மேட்டுக்காடு முழுக்க. சாயங்காலம் கால் வீங்கிப்போயிற்று. நல்ல ஈரம், ஒரு விதை தப்பாமல் முளைக்கும் என்று சந்தோஷப்பட்டேன். அப்படியே முளைத்தது. அந்த வருஷம் போல விளைச்சல் பிறகு வந்ததில்லை.

29-6-86 ஞாயிறு

இரண்டு நாளாக நோட்டைச் சரி பார்க்கவில்லை. நேற்று யார் வந்தார்கள் என்று கேட்டால் தெரியாது. பரவாயில்லை.

மாத்திரை வந்துவிட்டது. ஜோதி வாங்கி வந்தாள்.

காவேரி இரண்டு நாளும் வந்தாள். வியாழக்கிழமை நடந்தது அவளுக்கு இல்லை. கடலை முடிந்துவிட்டதால் புளியங்கொட்டை கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன், பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம். பிரித்து முடித்ததும் நான் கலந்துவிடுவேன். தெரியவில்லை அவளுக்கு. முதல் தடவை மனசு கூசியது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன், வேலை இருக்கிற முகம்.

அவள் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன். நாற்பத்திரண்டு வருஷம் தினமும் காலையில் எழுந்ததும் கையில் எடுத்துக்கொண்டது. இருபத்து நாலு வயது, புருஷன் வெளியூரில், பிள்ளை செத்து மடியில் கிடக்கிறது, மாமியார் காதில் ஓதுகிறார், மூத்தார் கும்பிடுகிறார். அவள் யாரிடம் போவாள்.

மாமியாரை எனக்குத் தெரியும். குடும்பம் உடையக் கூடாது என்றால் எந்தக் கழுத்தையும் கொடுப்பார்கள். ஒளித்துச் செய்கிற ஆள் இல்லை, என் முகத்துக்கு நேராகவே என்னைப் பிடிக்காது. அந்தக் கோபம் அவர்களைச் சுட்டபோதே போய்விட்டது.

இன்னும் ஒரு ஆள்.

ஊர் பேசி, நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தபோது இவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார், "ஊரு ஆயிரம் பேசட்டும். உன் கை நல்ல கை. எனக்குத் தெரியும்." அந்த ஒரு பேச்சில்தான் எழுந்து அடுப்பு மூட்டினேன். நாலு பேர் குழந்தையை என்னிடம் இருந்து மறைத்துத் தூக்கிப் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொள்வேன். நம்ப ஒருத்தர் இருக்கிறார், காரணம் கேட்காமல், சாட்சி கேட்காமல். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சாகக் கிடந்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். உன் கை நல்ல கை. நான் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

எனக்குத் தெரியும் என்றார். தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

என் கையால் தினம் மூன்று வேளை, முப்பத்தொரு வருஷம். வாசலில் நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். தம்பி செத்த பிறகாவது. அம்மா செத்த பிறகாவது. வெட்டிக்கொள்ள யாரும் இல்லாத பிறகாவது.

1-7-86 செவ்வாய்

தூறல். மேட்டுக்காட்டில் முளை விட்டிருக்கிறதாம், ஜோதி சொன்னாள். சண்முகம் என்னோடு பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் போட்டால் தின்கிறான்.

காலை பத்து மணிக்குக் கோவிந்தன் வந்தான். வெள்ளை ஜிப் பை, அம்மாவின் சேலைகள், ஆஸ்பத்திரிச் சீட்டு. மதியப் பஸ். சொல்லிக்கொண்டு போக வந்தான். காவேரி படலடியில், புளியங்கொட்டையைப் பார்த்துக்கொண்டு.

"இங்க வுட்டுட்டுப் போ" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன்.

"நாப்பத்தி ரெண்டு வருசம் பேசாதவங்ககிட்ட எப்படிங்க வுட்டுட்டுப் போறது பெரியம்மா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, உங்களத்தான பேசும் ஊரு?"

"பேசட்டும். எனக்குப் புதுசா?"

"உங்களுக்கே எழுவத்திரண்டு வயசு."

"அவளுக்கு எது புடிக்கும் எது புடிக்காதுன்னு உனக்குத் தெரியுமா? கொள்ளு ரசம் வெச்சா பூண்டு போடக் கூடாது. இடது காதுல சொன்னா கேக்காது. பனியில நாலு நாள் இருமுவா, அஞ்சாம் நாள் தானா நிக்கும். செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ பொரண்டு படுத்தாக்கூட எனக்குக் கேக்கும். பேசலை, அவ்வளவுதான்."

அவன் பையைக் கீழே வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தீபாவளி வரைக்கும் பாக்கறேன் பெரியம்மா. மாசம் ஒருக்கா வந்துடுவேன்" என்றான். ஜோதி உள்ளிருந்து பாயைக் கொண்டுவந்து என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். நான் சொல்லாமலே. சண்முகம் பார்த்துவிட்டு வெளியே போனான்.

எதற்காக என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரக்கம் என்று எழுதினால் பொய். என் கை சுத்தம் என்று அன்றைக்கே தெரிந்து, இன்னும் இருக்கிற ஒரே உயிர் இவள்தான். அவளுக்கே எப்போது தெரியும், எப்போது தெரியாது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அது இவளுக்குள்தான் இருக்கிறது. ஓசூரில் பூட்டு போட்டு வைக்க விட மாட்டேன்.

2-7-86 புதன்

மழை இல்லை. காற்று.

நேற்று இருந்தவர்கள்: நான், காவேரி, கோவிந்தன், ஜோதி, சண்முகம். பார்க்காமல் எழுதினேன். சரி.

காலையில் வெந்நீர் வைத்து அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். தனியாகக் குளிக்க விட முடியாது. எண்ணெய் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பயப்படவில்லை.

செல்வி பள்ளிக்கூடம் போகும் முன் கேட்டாள், "ஆயா, சின்ன ஆயாவை மன்னிச்சுட்டியா?" எல்லாம் ராமக்கா வேலை.

இவளை விட்டுவிட்டேன். மாமியாரை விட்டுவிட்டேன். கிணற்றடிப் பெண்களையும் சாந்தியையும் விட்டுவிட்டேன், அவர்களுக்குச் சொன்னதைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

ஒருத்தரை விட முடியவில்லை. தாலி கட்டிய நாள் முதல் இவர் என்றும் அவர் என்றும் சண்முகத்தின் அப்பா என்றும்தான். ரேஷன் கார்டு எழுத வந்தவர் இவர் பெயரைக் கேட்டபோதுகூடப் பக்கத்தில் இருந்த ராமக்காதான் எனக்காகச் சொன்னாள். நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதினதும் இல்லை. இன்று எழுதுகிறேன்.

மாதையன்.